இடுப்பு மோட்டார்

"ஐயா, இந்த மெஷின் வீணாப்போச்சு," என்றான் மாசிலாமணி.

பாதி மலையில் நின்றிருந்தான். முதுகில் குரு. இடுப்பிலும் தொடையிலும் பட்டை போட்டுக் கட்டிய மோட்டார்.

எந்த மலை என்று கேட்காதீர்கள். செங்குத்தான மலை, அவ்வளவுதான். உச்சியில் குகைக்கோயில். அந்தியில் அங்கே குரு கையால் விளக்கேற்ற வேண்டும். ஒருநாளும் தவறியதில்லை. அவரைச் சுமந்து போவது மாசிலாமணியின் சேவை. இடுப்பு வலிக்கிறது என்று அவன் முனகியதைக் கேட்டுப் பக்தர் ஒருவர் போன வருஷம் இந்த மோட்டாரை வாங்கிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு எழுந்தால் அதுவே தூக்கிவிடும்.

"என்ன கோளாறு?"

"புதுசுல நீங்க பஞ்சு மாதிரி இருந்தீங்க. இப்பக் கல்லு மாதிரி கனக்கிறீங்க. மோட்டாருக்குத் தெம்பு போயிடுச்சு."

"சார்ஜ் போட்டியா?"

"முழுசா இருக்கு. கம்பெனி ஆளு வந்து சோதிச்சான். ஒரு குறையும் இல்லேங்கறான். புளுகுறான்."

"நான் பெருத்துட்டேனா?"

"நீங்க குடிக்கிற கஞ்சிக்கா?"

குரு சிரிக்கவில்லை.

"என்னை இறக்கு. அதைக் கழட்டு. இப்பத் தூக்கு."

அவரைப் படியில் உட்கார வைத்தான். மோட்டாரைக் கழற்றினான். முதுகைக் காட்டிக் குந்தினான். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

எழப் பார்த்தான். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. இருவரும் படியில் தொப்பென்று விழுந்தார்கள்.

மாசிலாமணி தன் தொடையையே பார்த்தான். அரிசி ஆலையில் மூட்டை சுமந்து ஓடிய தொடை. கிள்ளிப் பார்த்தான். தொளதொளவென்று இருந்தது.

"ஐயா... என் பலத்தை யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலை. அது தூக்குச்சு. நீ சும்மா இருந்தே. சும்மா இருக்கிற தொடைக்கு உடம்பு எதுக்குடா சோறு போடும்?"

அவன் அவசரமாக மோட்டாரை எடுத்து மறுபடி மாட்டப் போனான்.

"மாட்டாதே. பள்ளத்துல எறி."

"விளக்கு?"

"எறிடா முதல்ல."

மாசிலாமணி ஓங்கினான். எறியவில்லை.

"எறியறேன். ஒண்ணு கேட்கலாமா?"

"சீக்கிரம் கேளு. இருட்டுது."

"உங்களுக்குக் கால் முறிஞ்சப்போ தூக்க ஆரம்பிச்சேன்."

"ஆமா."

"கட்டுப் பிரிச்சாச்சு. எலும்பு கூடிடுச்சு, இனி நடங்கன்னு வைத்தியர் சொன்னார்."

"சொன்னார். நீதான் மறுநாளும் முதுகைக் காட்டிக் குந்தினே. சேவைன்னே. அதை நான் கெடுக்கலாமா?"

"அப்போ என் பொண்ணு தொட்டில்ல கிடந்தா, ஐயா. இப்பக் காலேஜ் போறா."

குரு வேட்டியை விலக்கித் தன் கால்களைப் பார்த்தார். வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு மூங்கில் குச்சிகள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"இத்தனை வருஷமாவா?"

மாசிலாமணி மோட்டாரைப் பள்ளத்தில் எறிந்தான். அது பாறையில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம் கேட்டது.

மேலே குகை வாசல் கறுத்துக்கொண்டிருந்தது.

குரு இரண்டு பாதங்களையும் படியில் ஊன்றினார். நடுங்கின.

"கையைக் கொடு," என்றார்.

மாசிலாமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.