உதவிப் புரதம்

பேராசிரியை ஹெப்சிபாவின் ஆய்வகத்துக்கு மற்றவர்கள் பட்டத்துக்காக வந்தார்கள். இசக்கிராஜ் தங்கைக்காக வந்தான்.

தங்கை உமையாளுக்கு முதலில் நடை தள்ளாடியது. பிறகு கை நடுங்கியது. ஒரு மரபணுவில் பிழை என்றார்கள் மருத்துவர்கள். அந்த மரபணுவைப் படிக்க, பார்த்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் இளையவரான ஹெப்சிபாவிடம் மாணவனாகச் சேர்ந்தான்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. ஒருநாள் கேட்டேவிட்டான்.

“மேடம், இந்த மரபணு ஒரு உதவிப் புரதத்தை உண்டாக்குது. செல்லுக்குள்ள கோணலா மடிஞ்சுபோன புரதங்களை நிமிர்த்துற இடத்துல அது கூடவே நிக்குது. அதுவேதான் சிலதுக்கு அடையாளம் குத்தி உடைக்கவும் அனுப்புது. இது காப்பாத்த வந்ததா, கொல்ல வந்ததா?”

“ரெண்டும்தான்.”

“எதை நிமிர விடணும், எதை உடைக்க அனுப்பணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

ஹெப்சிபா கையுறையைக் கழற்றினார். “உங்க வீட்டுக்குப் போவோமா? தங்கச்சியைப் பார்க்கணும்.”

கேட்டதென்ன, இவர் சொல்வதென்ன? ஒன்றும் விளங்காமலே அழைத்துப் போனான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த உமையாள் காப்பித் தம்ளரை எடுத்தாள். காப்பி மடியில் சிந்தியது. இசக்கிராஜ் பாய்ந்தான். ஹெப்சிபா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மேடம், சுடும்!”

“ஆறிப்போச்சு. உட்காருங்க.”

உமையாள் மறுபடி எடுத்தாள். கை ஆடியது. எப்படியோ உதட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மடக்குக் குடித்துவிட்டாள்.

“பாத்தியாண்ணே!” என்று சிரித்தாள்.

அவள் தானாகக் குடித்து அவன் பார்த்து எத்தனையோ காலம். எப்போதும் அவனே ஊட்டிவிடுவான்.

அடுத்த முறை தம்ளர் பாதி வழியில் நின்றது. இப்போது அவன் அசையவில்லை. குடித்துவிடுவாள் என்று காத்திருந்தான். ஹெப்சிபா எழுந்துபோய்த் தம்ளரை வாங்கி அவள் வாயில் வைத்தார். உமையாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

வாசலில் ஹெப்சிபா செருப்பு மாட்டும்போது இசக்கிராஜ் தடுமாறியபடி கேட்டான்.

“முதல்ல நான் போனேன், தடுத்தீங்க. அப்புறம் சும்மா இருந்தேன், நீங்க போனீங்க. ரெண்டு தடவையும் நான் செஞ்சது தப்பாப்போச்சே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்க தம்ளரைப் பார்த்தீங்க. நான் அவளைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”