கட்டிப் போட்ட பீரங்கி

பீரங்கியைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? கோட்டை வாசலில் துருப்பிடித்துக் கிடக்குமே, அதன்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோமே, அதுதான். அதையே கப்பலில் வைத்தால், தடித்த வடம் போட்டுக் கப்பலின் பக்கப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இரும்புக்கு எதற்குக் கட்டு? ஆடா, மாடா, அவிழ்த்துக்கொண்டு மேயப் போக?

இந்தக் கேள்வி ஒரு காட்டுப்பன்றிக்கும் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை.

கடலை ஒட்டிய ஓர் அலையாத்திக் காட்டில், உப்புத் தண்ணீருக்குள் வேர் ஊன்றிய மரங்களுக்கு நடுவே, விலங்குகள் தோணியில்தான் போகும், தோணியில்தான் வரும். அங்கே அந்தக் காட்டுப்பன்றி கடற்கொள்ளைத் தலைவனாக இருந்தது. இடிமுழக்கன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது. வைக்க வேறு யாரும் முன்வரவில்லை.

கப்பலாவது அதனுடையதா என்றால், அதுவும் இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போன கப்பல் சேற்றில் தட்டி நின்றது. பன்றி ஏறி உட்கார்ந்துகொண்டது. கடல் பொங்கியதும் கப்பல் தானாக மிதந்தது. கப்பலோடு ஒரு பீரங்கியும், ஒரு குவியல் குண்டும், பீப்பாய் நிறைய வெடிமருந்தும் கிடைத்தன. "தலைவரே" என்று கூப்பிட நாலைந்து குரங்குகளும் கிடைத்தன.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பீரங்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. தேவையே வரவில்லை. கப்பலைத் திருப்பி அதன் கறுப்பு வாயைக் காட்டினாலே போதும், கொக்கு மீனைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். நண்டு மூட்டையைத் தள்ளிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிடும்.

குரங்குகள் குண்டால் தேங்காய் உடைத்தன. ஒரு குரங்கு, கரித்தூள் என்று நினைத்து வெடிமருந்தில் தினமும் பல் விளக்கியது. அடுப்புப் பக்கம் போகாததால் பிழைத்துக் கிடந்தது.

கப்பலில் ஓர் உடும்பும் இருந்தது. பீரங்கியைக் கட்டிய வடத்தின் முடிச்சுகளைக் காலையில் இறுக்கி வைப்பதுதான் அதன் வேலை. முன்பு இருந்தவர்கள் கட்டிய கட்டு. ஏன் கட்டினார்கள் என்று உடும்புக்கும் தெரியாது. பிடித்ததை விடாது, அவ்வளவுதான் அதன் குணம்.

மழைக்காலம் வரப்போகிற சமயம். ஒரு நீர்நாய் தோணி நிறையக் கருவாடு ஏற்றிக்கொண்டு எதிர்த் தீவுக்குக் கிளம்பியது. தீவில் அதன் குட்டிகள் காத்திருந்தன. புயல் பிடித்துவிட்டால் கடலில் இறங்க முடியாது. மழை விடும்வரை குட்டிகளுக்குச் சாப்பாடு அந்தக் கருவாடுதான்.

பாதி வழியில் கப்பல் குறுக்கே வந்து நின்றது.

"கருவாட்டை மேலே ஏற்று" என்றது பன்றி.

"ஏற்றிவிட்டு என் குட்டிகளுக்கு என்ன போடுவது, தலைவரே? கடல் தண்ணீரையா?"

"பீரங்கியைப் பார்த்தாய் அல்லவா?"

"பார்த்தேனே. வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது."

ஒரு குரங்கு சிரித்துவிட்டது. பன்றி முறைத்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டது.

நீர்நாய் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே துடுப்பை மெல்லத் தள்ளித் தள்ளிக் கப்பலின் விலாவை ஒட்டி வந்துவிட்டது. இப்போது பீரங்கியின் வாய் அதன் தலைக்கு வெகு மேலே இருந்தது. அங்கிருந்து பார்த்தபோதுதான் வடம் கண்ணில் பட்டது.

நாள் முழுக்கத் துடுப்புப் போடுகிற நீர்நாய் அது. 'தண்ணீரைப் பின்னால் தள்ளினால் தோணி முன்னால் போகிறது. அவ்வளவு பெரிய குண்டை முன்னால் தள்ளுகிற இரும்பு எந்தப் பக்கம் போகும்?' என்று யோசித்தது. யோசித்ததை வெளியே சொல்லவில்லை.

"ஒரு சந்தேகம், தலைவரே. இவ்வளவு வீரமான பீரங்கியை எதற்குக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்கிறீர்கள்? எதிரியைக் கண்டால் ஓடிவிடுமோ?"

இடிமுழக்கன் அன்றைக்குத்தான் அந்த வடத்தை நன்றாகப் பார்த்தது.

"யார் அப்படிச் சொன்னது?"

"எனக்கு எதற்கு வம்பு? கொக்குகள் பேசிச் சிரித்தது காதில் விழுந்தது, கேட்டேன்."

பன்றியின் காது இரண்டும் சிவந்தன. "அறுத்துப் போடுங்கள் அந்தக் கயிற்றை."

"தலைவர் சொன்னால் சரிதான்" என்றன குரங்குகள்.

உடும்பு குறுக்கே வந்து வடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. "வேண்டாம், தலைவரே. யாரோ எதற்கோதான் கட்டியிருக்கிறார்கள்."

"எதற்கு?"

"தெரியாது."

"தெரியாத நீ எனக்கு யோசனை சொல்கிறாயா?"

"உங்களுக்குத் தெரியுமா, தலைவரே?"

"நான் தலைவன். எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்?"

சொல்லிவிட்டுத் தன் கோரைப்பல்லாலேயே வடத்தின் இரண்டு பக்கத்தையும் அறுத்தது. உடும்பு அப்போதும் பிடியை விடவில்லை. குரங்குகள் அதை வடத்தோடு தூக்கி வெளியே எறிந்தன. உடும்பு நேராக நீர்நாயின் தோணியில், கருவாட்டு மூட்டைமேல் வந்து விழுந்தது.

"அடி பட்டுவிட்டதா, அண்ணே?" என்றது நீர்நாய்.

"அடி கிடக்கட்டும். முடிச்சு குலைந்துவிட்டது" என்றது உடும்பு.

மேலே ஏற்பாடு மும்முரமாக நடந்தது.

"தலைவரே, ஒரு பிடி மருந்து போடட்டுமா?"

"பிடியா? மரக்கால் மரக்காலாகப் போடு. சத்தம் கொக்குகளுக்குக் கேட்க வேண்டும்."

குரங்குகள் மருந்தைப் போட்டு இடித்து இறுக்கின. குண்டை உருட்டி உள்ளே தள்ளின. தன்னை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று இடிமுழக்கன் பீரங்கிக்குப் பின்னாலேயே நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பல் விளக்குகிற குரங்கு திரியில் தீ வைத்தது.

இடித்த இடியில் காட்டு மரங்களே ஆடின. இத்தனை நாள் எதில் பல் விளக்கினோம் என்று அந்தக் குரங்குக்கு அப்போதுதான் விளங்கியது.

குண்டு நீர்நாயின் தலைக்கு மேலே பறந்து, ஆளில்லாத கடலில் எங்கேயோ விழுந்தது. பீரங்கி சும்மா நிற்குமா? சக்கரம் உருள, பின்னால் பாய்ந்தது. நின்றிருந்த தலைவரையும் அள்ளிக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பலகையை உடைத்துக்கொண்டு, கடலுக்குள் போனது. உடைந்த ஓட்டை வழியே தண்ணீர் திபுதிபுவென்று உள்ளே வந்தது. குரங்குகள் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறின.

"தலைவர் எங்கே?" என்றது ஒன்று.

"பீரங்கியோடு போய்விட்டார்" என்றது இன்னொன்று.

"எதிரி அந்தப் பக்கமா இருந்தான்?"

"தலைவர் போனால் சரியாகத்தான் இருக்கும்."

பீரங்கி கடலின் அடிக்குப் போய்விட்டது. பன்றி மட்டும் மேலே வந்து நீந்தத்தான் செய்தது. ஆனால் கரை தூரம். கால் ஓய்ந்துபோய், மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

நீர்நாய் தீவைப் பார்த்துத் துடுப்புப் போட்டது. தோணியின் பின்பக்கம் உட்கார்ந்து, உடும்பு அந்த வடத்தை ஒழுங்காகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தது. தோணி பக்கத்தில் வந்ததும் இடிமுழக்கனின் குரல், கொசு முனகுவது போல எழுந்தது.

"அம்மா தாயே, அந்தக் கயிற்றில் ஒரு முனையை இந்தப் பக்கம் கொஞ்சம் போடேன்."

நீதி: கட்டியது எதற்கு என்று தெரிந்துகொள்ளாமல் கயிற்றை அறுக்கிறவர், கடைசியில் அந்தக் கயிற்றுக்கே கெஞ்சி நிற்பார்.