புளியமுத்தூர்க்காரர்கள் ரப்பர் மாற்றிய கதை

புளியமுத்தூர் டேபிள் டென்னிஸ் அணியில் மூன்று பேர். மூவருக்கும் மூளை இருக்கிறது என்று டாக்டரே சொல்லியிருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்ததால் வெள்ளியங்கிரி கேப்டன். மற்ற இருவர் மாரப்பனும் பொன்னுரங்கமும்.

வருஷாவருஷம் அத்திக்காட்டு அணியிடம் தோற்றுத் தோற்று வெள்ளியங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருமுறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று, கோயமுத்தூரில் கோச்சாக இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாமா, உங்க பேட்டுல இருக்கிற ரப்பர் பஞ்சாட்டம் இருக்குதுங்க. கெட்டியான ரப்பரா, வேகமான ரப்பரா பார்த்து மாத்துங்க. தடுத்துத் தடுத்து ஆடுனது போதும், அடிச்சு ஆடுங்க!" என்றான் மச்சினன்.

மூவரும் டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் ரப்பர்களை எடுத்துப் போட்டார். எது கெட்டி என்று மாரப்பன் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். எது வேகம் என்று அறிய, எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு மூவரும் எதிரே குந்தினார்கள்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் கடைக்காரர்.

"எது முதல்ல வாசலுக்குப் போகுதுன்னு பார்க்கறோமுங்க."

மத்தியானம் வரை ஒன்றும் நகரவில்லை. "எல்லாம் சோம்பேறி ரப்பர்" என்று வெள்ளியங்கிரி எழுந்து வெளியே வந்தார். அந்நேரம் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

பொன்னுரங்கம் மெதுவாகக் கேட்டார்: "கேப்டன், அந்தச் சக்கரத்துல இருக்கிறது என்ன?"

"ரப்பர்."

"கெட்டியா?"

"கல்லாட்டம்."

"வேகமா?"

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னுரங்கத்தை அப்படியே கட்டிக்கொண்டார்.

பஞ்சர் கடையில் பழைய பஸ் டயரை அறுத்து வாங்கி, பேட்டின் இரண்டு பக்கமும் ஆணி அடித்துப் பொருத்தினார்கள். அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

போட்டி நாள் வந்தது. அத்திக்காட்டு ஞானசேகரன் பந்தைப் போட்டான். வெள்ளியங்கிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு டயரால் ஓங்கி அடித்தார். அடித்த கையோடு பேட்டைத் தோளில் சாய்த்து, இடுப்பை வளைத்து ஆடத் தொடங்கினார்.

"என்னய்யா இது?" என்றார் நடுவர்.

"அடிச்சாச்சுங்க. இப்ப ஆடறேனுங்க."

ஞானசேகரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனால் அதற்கப்புறம் ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை. முதல் செட் புளியமுத்தூருக்கு! இன்னும் ஒரே செட் எடுத்தால் ஆட்டமே அவர்களுடையது.

அப்போது நடுவர் சொன்னார்: "ரெண்டு பேரும் பக்கம் மாறுங்க."

வெள்ளியங்கிரிக்கு முகம் செத்துவிட்டது. "ஜெயிக்கிற நேரத்துல கட்சி மாறச் சொல்றாரே!"

"ஊருக்குத் துரோகம் இல்லீங்களா?" என்றார் மாரப்பன்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல?" என்றார் பொன்னுரங்கம்.

மூவரும் கனத்த மனதோடு போய் ஞானசேகரன் அருகில் நின்றார்கள். "தம்பி, இனிமே நாங்க உங்க பக்கம்."

அவன் மேசையின் மறுமுனைக்கு நடந்தான். மூவரும் பின்னாலேயே வந்தார்கள். திரும்பி இந்த முனைக்கு வந்தான். இவர்களும் வந்தார்கள். "எங்க போனாலும் விட மாட்டோமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

எதிர்ப்புறம் ஆளே இல்லாததால், நடுவர் தலையில் அடித்துக்கொண்டு அத்திக்காடு வென்றதாக அறிவித்தார். முதலில் துள்ளிக் குதித்தது வெள்ளியங்கிரிதான். ஞானசேகரனைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் வைத்து, புளியமுத்தூர் வரைக்கும் ஊர்வலம் வந்தார்கள்.

ஊர் எல்லையில் ஜனங்கள் ஓடி வந்தார்கள். "ஜெயிச்சுட்டீங்களா?"

"ஜெயிச்சுட்டோம்!"

"யாரைத் தோக்கடிச்சீங்க?"

வெள்ளியங்கிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"நம்ம ஊரைத்தான்!"

ஊரே கைதட்டியது.