உமையாள் அம்மா விடுப்பில் போன வருஷம்

"அம்மா, நான் வந்த அன்னைக்கே நீங்க கிளம்பினா எப்படி?"

கனகசபை ஆசிரமத்து வாசலில் நின்று கேட்டார். உமையாள் அம்மா குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க வந்ததாலதான் கிளம்புறேன், வாத்தியாரே."

அவருக்குப் புரியவில்லை.

கனகசபைக்கு வயது ஐம்பத்தொன்று. ஆத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவர். மனைவி சரசு இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வருஷ விடுப்புக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டும் இல்லையென்றார்கள். மூன்றாம் தடவை கிடைத்தது. அந்த ஒரு வருஷத்தை இந்த மலைமேல் ஆசிரமம் நடத்தும் உமையாள் அம்மாவின் பக்கத்தில் கழிக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

அம்மா அவரைவிட ஏழு வயது இளையவர். அதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எங்கே போறீங்க?"

"பத்ரிநாத். நடந்து."

"எத்தனை நாள்?"

"ஒரு வருஷம். பதினாலு வருஷமா நினைச்சுக்கிட்டே இருந்தேன். இந்த இடத்தை விட்டுட்டுப் போக ஆள் இல்லை. அப்பதான் உங்க கடுதாசி வந்துச்சு. 'ஒரு வருஷம் அங்கேயே இருக்கிறேன்'னு எழுதியிருந்தீங்க. ஆள் கிடைச்சாச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"நான் உங்ககிட்ட இருக்கணும்னு எழுதினேன், அம்மா."

"தெரியும்."

"எல்லாம் திட்டம் போட்டுட்டு வந்தேன்."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். முதல் மூன்று மாதம் மௌனம். அடுத்த மூன்று மாதம் படிப்பு. அதற்கடுத்த மூன்று தியானம். பத்தாம் மாதம், அம்மாவிடம் ஒரு கேள்வி.

"பத்தாம் மாசம் வரைக்கும் எதுக்கு? இப்பவே கேளுங்களேன்."

"இப்ப முடியாது, அம்மா. அதுக்கு நான் தயாராகணும்."

உமையாள் அம்மா அவரைப் பரிவோடு பார்த்தார்.

"நல்ல திட்டம்தான்," என்றார். "கிணத்துத் தண்ணி மதியத்துக்கு மேல கலங்கலா வரும். காலையிலேயே எடுத்துடுங்க."

போய்விட்டார்.

*

கனகசபைக்குக் கோபம். திரும்பிப் போகலாம் என்றால் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாயிற்று. அம்மா இல்லாவிட்டால் என்ன, திட்டம் இருக்கிறது என்று மௌனத்தைத் தொடங்கினார்.

வாசலில் ஒரு பலகை வைத்தார். 'அம்மா ஊரில் இல்லை. அடுத்த வருஷம் வரவும்.'

முதல் வெள்ளிக்கிழமை, கீழே ஆடு மேய்க்கும் பாவாயி வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் பலகையைக் காட்டினார். பிறகு கையை விரித்து, இல்லை என்று காட்டினார்.

"தெரியுங்க. போற வழியில எங்க ஊட்லதான் தண்ணி குடிச்சாங்க."

பிறகு எதற்கு வந்தாய் என்று கையால் கேட்டார்.

"வெள்ளிக்கெழமைங்களே."

கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனாள்.

ஒன்பதாம் நாள் அவளுடைய ஆட்டுக்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்துவிட்டது.

கனகசபை ஓடிவந்து எட்டிப் பார்த்தார். குட்டி நீந்திக்கொண்டே கத்தியது. பாவாயி தூரத்தில், ஏரிக்கரையில் இருந்தாள்.

"கயிறு!" என்று கத்தினார் கனகசபை. "பாவாயி! கயிறு கொண்டா!"

குட்டி பிழைத்தது. மௌனம் போயிற்று.

"நீங்க பேசுவீங்களா சார்?" என்றாள் பாவாயி, குட்டியைத் துடைத்துக்கொண்டே. "பாவம், பொறவி ஊமைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டேனே."

*

படிப்புக்கான மாதங்களும் சரியாக நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாலு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர். வந்தவர்களுக்குக் காப்பியாவது கொடுக்க வேண்டும். மழையில் கூரை ஒழுகியது. புத்தகங்களைத் தூக்கி ஒரு மூலையில் வைத்துச் சாக்கு போட்டு மூடினார்.

ஐந்தாம் மாதம் பெரியண்ணன் வந்தான். லாரி ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. கீழே லாரியை நிறுத்திவிட்டு ஏறி வந்திருந்தான்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லப்பா. வர இன்னும் ஏழு மாசம் ஆகும்."

அவன் போகவில்லை.

"எம் பொண்டாட்டி போயி நாப்பது நாள் ஆச்சுங்க," என்றான். "எனக்கு அழுகையே வரல. எல்லாரும் அழுவுறாங்க, நான் கல்லாட்டம் நிக்கிறேன். நான் மனுசன்தானான்னு அம்மாகிட்டக் கேக்கணும்."

கனகசபை அசையாமல் நின்றார்.

அது அவருடைய கேள்வி. பத்தாம் மாதத்துக்கு என்று வைத்திருந்த கேள்வி.

"அம்மா இல்லையேப்பா," என்றார் மறுபடியும்.

"நீங்க இருக்கீங்களே."

கனகசபை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். உப்புமாவுக்கு வாணலியை ஏற்றினார். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டார். அது வெடித்துத் தெறித்தது.

பின்னால் வந்து நின்ற பெரியண்ணன் சட்டென்று சிரித்தான்.

"என்னப்பா?"

"கடுகைப் போட்டுட்டு வாசல் வரைக்கும் ஓடிருவா எம் பொண்டாட்டி. அவ்ளோ பயம். வெடிச்சு முடிஞ்சப்பறம்தான் எட்டிப் பாப்பா. பதினெட்டு வருசம் அப்படித்தான் சமைச்சா."

கனகசபை கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் சரசுக்கு மேப் பார்க்கத் தெரியாது," என்றார்.

மூன்று வருஷத்தில் சரசுவைப் பற்றி அவர் ஒருவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"பூகோள வாத்தியார் பொண்டாட்டி. மேப்பைத் தலைகீழாப் பிடிச்சுக்குவா. எந்தப் பக்கம் நடக்கிறோமோ அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்குவா. 'வடக்கு மேலதான் இருக்கணும்'னு திட்டுவேன். 'ஏன், வடக்கு என்ன உங்க மாமனாரா, எப்பவும் மேலயே உக்கார வைக்க'ன்னு கேப்பா."

பெரியண்ணன் சிரித்தான். கனகசபையும் சிரித்தார்.

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். யார் முதலில் தொடங்கினார்கள் என்று பிற்பாடு கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

உப்புமா அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வழியாக லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் பெரியண்ணன் அடிவாரத்தில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். கனகசபை அடுப்பில் தண்ணீர் வைப்பார்.

*

பதினோராம் மாதம் முடிகிற சமயம். ஒரு காலை வேளை. உமையாள் அம்மா படியேறி வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தது. முன்னங்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள்.

கூடத்தில் பாவாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கனகசபை கூரைமேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி வந்தார். கண் நிறைந்துவிட்டது.

"திட்டம் என்ன ஆச்சு, வாத்தியாரே?"

"ஒன்பதாம் நாளே போச்சு, அம்மா. ஆட்டுக்குட்டி கிணத்துல விழுந்துடுச்சு."

"கேள்வி?"

"பெரியண்ணன்னு ஒருத்தன் வந்து கேட்டுட்டான்."

"என்ன பதில் சொன்னீங்க?"

"உப்புமா போட்டேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"பத்ரிநாத் எப்படி இருந்துச்சு, அம்மா? பனி நிறையவா?"

"தெரியலையே."

"ஏன்?"

"நான் போகலையே."

கனகசபை திகைத்தார்.

"எட்டாம் நாள் ஓசூர்ப் பக்கம் போனேன். மழை. மில்லுல வேலை பார்க்கிற பொண்ணுங்க விடுதியில ஒதுங்கினேன். நாப்பது பொண்ணுங்க. சமைக்கிற அம்மா அன்னைக்குத்தான் உடம்பு முடியாம ஊருக்குப் போயிட்டாங்களாம். ஷிப்ட் முடிஞ்சு வந்து பசியோட உக்காந்திருந்துச்சுங்க. சரி, ஒரு வேளைன்னு கரண்டியைப் பிடிச்சேன்."

"பதினோரு மாசமா?"

"அந்தம்மா போன வாரம்தான் திரும்பி வந்தாங்க."

கனகசபைக்கு நம்ப முடியவில்லை. தனக்கு வந்த அதே கோபம் அவருக்கும் வந்திருக்குமா என்று அறிய வேண்டியிருந்தது. கேட்கத் தயங்கினார். பிறகு கேட்டார்.

"பதினாலு வருஷ ஆசை, அம்மா. உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இல்லாம? ரெண்டு மாசம் தினமும் அழுதேன். நாளைக்கு எப்படியும் கிளம்பிடணும்னு சாயங்காலமே மூட்டையைக் கட்டி வெச்சுடுவேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. காலையில அவிழ்ப்பேன். மறுபடி கட்டுவேன்."

"அப்புறம்?"

"புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா. தலைக்கு வெச்சுப் படுக்க ஒண்ணும் கொண்டுவரலை. கட்டின மூட்டையை அப்படியே அவகிட்டக் கொடுத்துட்டேன்."

"பொண்ணு தூங்கினாளா?"

"அவளும் தூங்கினா," என்றார் உமையாள் அம்மா.