அழும் ராணியின் புதையல்

மூங்கில் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு உணவைத் தேடுவதைவிட ஒளித்து வைப்பதில்தான் ஆசை அதிகம்.

அதனிடம் ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. தேனடை, விளாம்பழம், மயிலிறகு என்று எதையாவது அதற்குள் போட்டு, காட்டில் எங்காவது ஒளித்து வைக்கும். பிறகு குளத்தங்கரைக்கு வந்து ஒரு கதை சொல்லும். கதைக்குள் புதிர் இருக்கும். புதிருக்குள் இடம் இருக்கும். கண்டுபிடித்தவர் குடுக்கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்குத் தன்னுடையது ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். இதுதான் விதி.

காடு முழுவதும் இதே பைத்தியமாக அலைந்தது. நரி இரை தேட மறந்தது. மந்தி தன் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் புதிரையே முணுமுணுத்தது. மைனாவுக்கோ ஊரெல்லாம் சேதி சொல்லவே நேரம் போதவில்லை.

புதையலை யாரும் கண்டுபிடிக்காத நாள்களும் உண்டு. அன்றைக்கு முள்ளம்பன்றிக்குப் பெருமை தாங்காது. தான் ஒளித்த தேனைத் தானே எடுத்து, தனியாக உட்கார்ந்து தின்னும்.

ஒருநாள் அது இப்படிக் கதை சொன்னது: "ஒரு ராணி இருந்தாள். கூந்தலைத் தரையில் ஊன்றி நூறு வருஷமாக நிற்கிறாள். காலடியில் ஆறு ஓடுகிறது. தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. அவள் மடியில் ஒரு நகைப்பெட்டி!"

"கூந்தல்னா விழுது!" என்று கத்தியது நரி.

"ஆற்றங்கரை ஆலமரம்! மடின்னா பொந்து!" என்று மந்தி பாய்ந்தது.

எல்லோரும் ஓடினார்கள். ஓர் எருமை மட்டும் அசைபோட்டுக்கொண்டு அங்கேயே நின்றது.

"நீ போகலையா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"கதை இன்னும் முடியலையே அக்கா. அந்த ராணிக்கு அப்புறம் என்ன ஆச்சு? அழுகையை நிறுத்தினாளா?"

முள்ளம்பன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அட அசடே! ராணியும் இல்லை, அழுகையும் இல்லை. அது மரம்!"

இந்தச் செய்தி காடெல்லாம் பரவியது. அன்றிலிருந்து எருமையை எங்கே பார்த்தாலும், "என்னப்பா, ராணி சௌக்கியமா? கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களா?" என்று நரி கேட்கும். எருமை சேற்றில் இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

உண்மையில் அந்த ராணிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று முள்ளம்பன்றிக்கே தெரியாது. அதனால்தான் அது அவ்வளவு சத்தமாகச் சிரித்தது.

மழைக்காலம் தொடங்கியது. புதிய புதையலுக்கு இடம் தேடி, குடுக்கையை வாயில் கவ்விக்கொண்டு முள்ளம்பன்றி மூங்கில் புதர்களைத் தாண்டிப் போயிற்று. அங்கே எந்தக் காலத்திலோ மனிதர்கள் யானை பிடிக்க வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. மேலே கொடி படர்ந்து அதை மூடியிருந்தது. காலை வைத்ததும் கொடி அறுந்தது. குடுக்கையோடு உள்ளே விழுந்தது முள்ளம்பன்றி.

பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இருந்தது. ஏறினால் மண் சரிந்தது. மழையோ கொட்டிக்கொண்டிருந்தது. நாலா பக்கமிருந்தும் செம்மண் தண்ணீர் உள்ளே வழிந்தது.

'விழுந்துட்டேன், காப்பாத்துங்க!' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். ஆனால் காட்டிலேயே பெரிய புத்திசாலி கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்ததை எப்படிச் சொல்வது? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தியது:

"பூமி வாயைத் திறந்து ஓர் அரசியை விழுங்கியது! மேகம் அதற்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறது!"

மைனாவின் காதில் அது விழுந்தது. நேராகக் குளத்தங்கரைக்குப் பறந்து, "புது வேட்டை! புது வேட்டை!" என்று கூவியது.

நனைந்துகொண்டே எல்லோரும் கூடினார்கள். "பூமியின் வாய்னா குகைதான்" என்றது நரி. "இல்லை, ஊற்று!" என்றது மந்தி. "உனக்கு எப்பவும் தண்ணி ஞாபகம்!" "உனக்கு எப்பவும் தூங்குற இடம்தான் ஞாபகம்!" இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

பள்ளத்தில் தண்ணீர் முள்ளம்பன்றியின் வயிற்றைத் தொட்டது. அதோடு கௌரவம் கரைந்தது.

"ஐயோ! நான் பள்ளத்துல கிடக்கிறேன்! மூங்கில் புதருக்குப் பின்னால, யானைப் பள்ளம்! தண்ணி ஏறுது! யாராவது வாங்க!"

மைனா பறந்து வந்து, பள்ளத்தின் மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது.

"அடடா, முள்ளக்கா! நீங்களே உள்ளே இறங்கி நடிக்கிறீங்களா? பிரமாதம்!"

"நடிப்பு இல்லை மைனா! நிஜமாவே விழுந்துட்டேன்!"

"போன தடவையும் 'நிஜமாவே ஒளிச்ச இடம் மறந்துபோச்சு'ன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க. கடைசியில பார்த்தா, அதுவே ஒரு குறிப்பு! மறுபடியும் ஏமாற நான் ஆள் இல்லை!"

மைனா சிறகை உதறிக்கொண்டு போய், வெறுங்கையோடு குளத்தங்கரைக்குத் திரும்பியிருந்த நரியிடமும் மந்தியிடமும் எல்லாவற்றையும் சொன்னது.

நரி கண்ணை மூடி யோசித்தது. "அக்கா யானைப் பள்ளத்தில இருக்காங்க. இருக்கிற இடத்தையும் அவங்களே சொல்றாங்க. ஒளிச்சு வைக்கிறவங்க ஒளிச்ச இடத்தில நின்னு கூப்பிடுவாங்களா? ஆகவே, இந்தக் காட்டில புதையல் இல்லாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். யானைப் பள்ளம்!"

"அற்புதம்!" என்றது மந்தி. "அந்தப் பக்கமே போக வேண்டாம்!"

அவர்கள் அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடங்களிலும் தேடக் கிளம்பினார்கள்.

அங்கே சேற்றில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "மைனா, அக்கா எப்படி இருந்தாங்க?"

"என்னமா அழுறாங்க தெரியுமா! கண்ணீர் அருவியா கொட்டுது. அப்படியொரு நடிப்பு!"

"அழுறாங்களா?"

"அதான் சொன்னேனே!"

"அழுதா, போய்ப் பார்க்கணும் இல்லையா?" என்று சொல்லிவிட்டு எருமை எழுந்து நடந்தது.

"ராணியைக் கேட்டதாச் சொல்லு!" என்று பின்னாலிருந்து நரி கத்தியது. மந்தி சிரித்தது.

எருமை பள்ளத்துக்கு வந்தபோது முள்ளம்பன்றியின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பக்கத்தில் சுரைக்குடுக்கை மிதந்துகொண்டிருந்தது. எருமை சுற்றுமுற்றும் பார்த்தது. காற்றில் சாய்ந்த இலவ மரம் ஒன்று அருகில் கிடந்தது. கொம்பைக் கொடுத்து முட்டி முட்டி, அதைப் பள்ளத்துக்குள் சரித்தது. முள்ளம்பன்றி அதைப் பற்றிக்கொண்டு, இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை ஏறி வந்து சேற்றில் விழுந்தது. குடுக்கையும் அதன் முள்ளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

அந்த நேரம் பார்த்து நரியும் மந்தியும் மைனாவும் வந்தார்கள். வேறெங்கும் தேட இடம் மீதியில்லை.

குடுக்கையைப் பார்த்ததும் நரிக்கு வாய் பிளந்தது. "புதையல் இங்கேதான் இருந்திருக்கா? எருமைப் பயலா ஜெயிச்சது! டேய், எந்தக் குறிப்பை வச்சுக் கண்டுபிடிச்சே?"

"பள்ளத்தில இருக்கேன்னு சொன்னாங்க. பள்ளத்துக்கு வந்தேன்" என்றது எருமை.

நரி நெற்றியில் அறைந்துகொண்டது. "என்ன ஒரு சூழ்ச்சி! சொன்ன இடத்திலேயே இருந்து நம்மை எல்லாம் ஏமாத்திட்டீங்களே அக்கா! இதுவரைக்கும் போட்ட புதிரிலேயே இதுதான் ரொம்பக் கஷ்டம்!"

"இதைவிடப் பெரிசா இனிமே யாராலும் யோசிக்க முடியாது!" என்றது மந்தி. மைனா சேதி சொல்லப் பறந்தது.

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. 'நான் சாகக் கிடந்தேன்' என்று சொல்ல நினைத்தது. சொன்னால் அதற்கும் கைதட்டுவார்கள் என்று தோன்றவே, வாயை மூடிக்கொண்டது.

எல்லோரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். எருமை மட்டும் தயங்கி நின்றது.

"விதிப்படி நான் ஏதாவது வைக்கணுமே அக்கா. என்கிட்ட ஒண்ணும் இல்லையே."

"நீ முன்னாடியே வச்சுட்டே. அந்த ராணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"ஆமாம்! என்ன ஆச்சு அக்கா?" எருமையின் காதுகள் விறைத்து நின்றன.

முள்ளம்பன்றி முள்ளில் இருந்த சேற்றை உதறியது.

"நிறுத்திட்டா" என்றது. "ஒருத்தர் வந்து கேட்டாங்க. அதனால அழுகையை நிறுத்திட்டா."

எந்நேரமும் புதிராகவே பேசுகிறவர் உயிருக்குப் போராடிக் கூப்பிட்டாலும் பிறர் அதை ஒரு விளையாட்டாகத்தான் கேட்பார்கள். ஆகவே நேராகப் பேசும் பழக்கத்தையும், நேராகக் கேட்பவரை மதிக்கும் பழக்கத்தையும் மழைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.