கிணற்றில் பங்கில்லாத வெயில்

ஒரு ஊரில் இரண்டு குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே கிணறு. செவ்வாய்க்கிழமை முறை மாடத்திக்கு. புதன்கிழமை முறை அவள் கொழுந்தன் பலவேசத்துக்கு. தண்ணீர் பலவேசத்தின் வாழைத்தோட்டத்தை ஒட்டி ஓடும் மண் வாய்க்கால் வழியாகத்தான் மாடத்தியின் மிளகாய்க்கு வர வேண்டும்.

பதினாறு பாத்தி போட்டிருந்தாள். மாசி மாதம், செடியெல்லாம் பூ எடுத்திருந்தது. ஆனால் மூன்று முறையாகக் கடைசி நான்கு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதற்குள் மோட்டாருக்கு வரும் மின்சாரம் நின்றுவிடும். இந்தச் செவ்வாயும் தவறினால் அந்தப் பூவெல்லாம் கொட்டிவிடும்.

கொழுந்தன்தான் வாய்க்காலில் துளை போட்டிருக்கிறான் என்று மாடத்தி முடிவு கட்டினாள். மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு கரையோரம் நடந்தாள். யாரை வெட்டப் போகிறோம் என்று மண்வெட்டி கேட்டது. உன் வேலை மண்ணோடு, சும்மா வா என்றாள்.

வாய்க்காலுக்கு இது பொறுக்கவில்லை. தன் உடம்பில் ஒரு நண்டு வளைகூட இல்லை, வேண்டுமானால் தடவிப் பார் என்றது. தடவினாள். பலவேசத்தின் பக்கம் கரை காய்ந்து கிடந்தது.

"அப்போ என் தண்ணி எங்க போச்சு?"

வாய்க்கால் மேலே பார்த்தது. அதன்மேல் நீட்டிப் படுத்திருந்த வெயில் தானே ஒப்புக்கொண்டது. "நான்தான் குடிக்கிறேன். இங்கே கொஞ்சம், பாத்தியில் கொஞ்சம், இலையில் கொஞ்சம். முன்பு சித்திரையில்தான் வருவேன். இப்போது மாசியிலேயே வந்துவிடுகிறேன். தாகமும் கூடிவிட்டது."

"ஒனக்கு இந்தக் கெணத்துல பங்கு கெடையாதே?"

"பங்கு இருந்தால் முறைக்குக் காத்திருக்க வேண்டுமே," என்றது வெயில்.

அந்த நேரம் எதிரே பலவேசம் வந்தான். அவன் தோளிலும் மண்வெட்டி. புதன்கிழமை தன் வாழைக்குத் தண்ணீர் குறைகிறது, மதினி மிளகாய்க்குப் போகும் மடையை அடைக்காமல் விட்டுவிடுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

"என்ன மதினி, எங்க பக்கத்துக் கரையத் தடவிக்கிட்டு நிக்கிய?"

"நீ மட்டும் என்ன, சாமி கும்பிடவா மம்பட்டியோட வந்த?"

யார் முறையில் முதலில் குறைந்தது என்று பேச்சு நீண்டது. போன வருஷத்துக் கதையும் வந்தது. வெயில் அவசரப்படவில்லை. இருவருக்கும் நடுவே குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.

பாதிச் சொல்லில் மாடத்தியின் வாய் நின்றது. வாய்க்காலில் ஓடுவது தன் முறைத் தண்ணீர் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பலவேசம், ஒன் தென்னையடியில ஓலை கெடக்குல்லா? எடுத்துட்டு வா. வெயிலு குடிக்காம வாய்க்கால மூடுவோம்."

அவன் தன் புதன்கிழமையை நினைத்துப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனான்.

ஓலை பாதி வாய்க்காலுக்குத்தான் வந்தது. அன்று தண்ணீர் பதினாலாவது பாத்திவரை எட்டியது. மற்ற இரண்டிலும் மறுநாள் பூ கொட்டிவிட்டது.

வெயில் மூடாத பாதிக்கு நகர்ந்து படுத்துக்கொண்டது. அது யார் தோட்டத்து ஓரம் என்று கேட்கவில்லை.