அக்கரை எது?

நீலியாறு அந்த நாட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்து ஓடியது. வாரிசு யாரென்று சொல்லாமலே அரசர் கண்ணை மூடிவிட்டார். அவ்வளவுதான், பிள்ளைகள் இருவரும் வாளை உருவிவிட்டார்கள். மூத்தவன் ஆதவேள் முடிசூட்டிக்கொண்டான். இளையவன் கீரவேள் அதை ஏற்காமல் படை திரட்டினான். ஆற்றுக்குப் பாலம் கிடையாது, மழைக்காலம் வேறு. ஓடம் யார் கையிலோ நாடு அவன் கையில். இதை மட்டும் மனத்தில் வையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆதவேளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இன்று வடகரையில் பாசறை, நாளை தென்கரையில். தம்பி எந்தப் பக்கத்திலிருந்து பாய்வான் என்று ஜனங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உலையில் அரிசியைப் போட்டவர்களுக்கு அதை இறக்கிச் சாப்பிடுவோமா என்பதே தெரியாத நாட்கள் அவை.

ஒருநாள் காலை ஒற்றர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்: கீரவேள் வடக்கிலிருந்து வருகிறான், மூன்று நாளில் ஓடத்துறையான மருதந்துறையை எட்டிவிடுவான். ஆதவேள் அப்போது ஆற்றின் மேற்பகுதியில், தென்கரையில் இருந்தான். தூதன் எயினனைக் கூப்பிட்டு ஒரே வரியில் ஆணையிட்டான்: "மருதந்துறையில் அக்கரை ஓடங்களைக் கொளுத்தச் சொல்."

இந்தத் தூதர்களுக்கு ஒரு விதி இருந்தது. சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. முந்தின ஆண்டு ஒருவன் சேர்த்தான். ஆதவேள் அவன் நாக்கை அறுத்தான்.

எயினன் பரிசலில் ஆற்றோடு வந்து மருதந்துறையின் வடகரையில் இறங்கினான். ஓடக்காரர்களின் தலைவி பெருநங்கைக்கு வீடு அங்கேதான். இரு கரையிலும் நாற்பது நாற்பது ஓடங்கள், எல்லாம் அவளுடைய ஆட்களுடையவை. ஆணையைக் கேட்டதும் அவள் எயினனை மறித்துக் கேட்டாள்:

"அரசர் எந்தக் கரையில் நின்று சொன்னாரப்பா?"

"தாயே, சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி என் வாயைக் கிளறாதீர்கள்."

இரண்டு கரையிலும் கொளுத்தியிருக்கலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எண்பது வீட்டு அடுப்பு அணைந்துபோகும், ஐயா! அரசனின் படையும் ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கும். பெருநங்கை தவித்தாள். வடகரையில் நிற்பவளுக்கு அக்கரை தென்கரைதானே? ஆற்றைக் கடந்துபோய் அந்த நாற்பதுக்கும் தன் கையாலேயே தீ வைத்தாள். வாய்விட்டு அழுதுகொண்டே வைத்தாள்.

மூன்றாம் நாள் கீரவேள் வந்தான். வடகரையில் நாற்பது ஓடங்கள் அவனுக்காகவே காத்திருந்தது போல் நின்றன. ஏறிக் கடந்தான். ஆதவேளின் ஆட்கள் இரண்டாயிரம் பேர் மாண்டார்கள். மிச்சப் படையோடு மலைக்கோட்டைக்கு ஓடிய ஆதவேள், பெருநங்கையைப் பிடித்துவரச் செய்து, தலையை வெட்டச் சொன்னான்.

தென்கரையில் நின்று சொன்ன தனக்கு அக்கரை வடகரைதான் என்றான் அரசன். வடகரையில் நின்று கேட்ட தனக்கு அது தென்கரைதான் என்றாள் பெருநங்கை. ஓர் எழுத்தும் மாற்றாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, எயினன் சபையில் கல்லாய் நின்றான்.

வாள் உருவியாகிவிட்டது. சட்டென்று சொல்லுங்கள்: மூவரில் குற்றம் யாருடையது?

விடை: அரசனுடையது. நிற்கும் இடம் தெரியாமல் அக்கரைக்குப் பொருள் இல்லை. பெருநங்கை அதைத்தான் கேட்டாள். தெரிந்தவன் எதிரிலேயே நின்றான். அவன் வாயைக் கட்டிவைத்தது அரசனின் விதி. சபையில் யாருக்கும் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை. கடைசியில் சொன்னவன் எயினன். யாரும் சொல்லச் சொல்லாத சொற்களை அவன் வாழ்நாளில் சொன்னது அந்த ஒருமுறைதான். ஆதவேள் பெருநங்கையை விட்டுவிட்டான், விதியை விடவில்லை. அவள் மருதந்துறைக்குத் திரும்பினாள். எயினன் அதன்பின் பேசியதில்லை.